லயத்திலிருந்து புது வீட்டுக்குப் போகிறோம், அத்தை ஒரு பழைய சாக்கைக் கூட விட மாட்டேன் என்கிறார்

மஸ்கெலியா மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில். எங்களுக்கு ஏழு பேர்ச் காணியில் கட்டின வீடு கிடைத்திருக்கிறது, போன மாதம்தான் சாவி கைக்கு வந்தது. சித்திரை வருடப் பிறப்புக்கு முன்னால் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று இருக்கிறோம், அதை விட்டால் மழை பிடித்துக்கொள்ளும், அப்புறம் ஆடியும் வந்துவிடும்.

பிரச்சினை வீடு இல்லை, சாமான். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா (அறை) ஒன்று, இஸ்தோப்பு (முன் திண்ணை), பின்னால் நாங்களே தகரம் அடித்து இறக்கின அடுப்பங்கரை, இவ்வளவுக்குள் மூன்று தலைமுறைச் சாமான் எப்படித்தான் அடங்கியதோ தெரியவில்லை. இரண்டு அலுமாரி (ஒன்றுக்குக் கதவு இல்லை), கட்டிலுக்கு அடியில் பொட்டணி பொட்டணியாகப் பழைய துணி, மாமா தேயிலைச் செடி வெட்டின கவ்வாத்துக் கத்தி இரண்டு, ஓடாத ரேடியோ, உடைந்த குடை ஆறோ ஏழோ, ஐஸ்கிரீம் டப்பாவும் தயிர்ச் சட்டியும் எண்ணவே முடியாது. பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது, அதை நான் கல்யாணம் முடித்து வந்து பதினோரு வருடத்தில் ஒரு தடவை கூடத் திறந்து பார்த்ததில்லை. அத்தையிடம் கேட்டால் "அதில் கை வைக்காதே, உங்க மாமா வைத்தது" என்கிறார். மாமா இறந்து நான்கு வருடம்.

வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் வேலை, மாதத்துக்கு இரண்டு தடவை வருவார், வந்தாலும் "அம்மாகிட்ட நீயே கதை" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வார். பிள்ளைகள் இரண்டு பேர். லயக் காம்பராவை ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள், அதனால் கொஞ்சத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போகவும் முடியாது. எதைத் தூக்குவது, எதை விடுவது, எங்கே தொடங்குவது? அத்தையோடு சண்டை வராமல் யாராவது வழி சொல்லுங்கள்.

லொறிக்காரன்_ஹட்டன்:

தங்கச்சி, நான் இந்தப் பக்கம் வீடு மாற்றுகிற ஓட்டம் நிறைய ஓடியிருக்கிறேன். முதலில் ஒன்று கேட்கிறேன், லொறி புது வீட்டு வாசல் வரைக்கும் போகுமா? அனேகமாகப் போகாது. தேயிலை மலையில் கட்டின வீடுகளில் பாதிக்கு லொறி கீழே ரோட்டில்தான் நிற்கும், அங்கிருந்து படியோ ஒற்றையடிப் பாதையோதான். அதனால் "லொறியில் எவ்வளவு ஏறும்" என்று கணக்குப் பார்க்காதே. "யார் தோளில் இது மேட்டுக்கு ஏறப்போகிறது" என்று பார். கதவில்லாத அலுமாரியை இரண்டு ஆள் எழுபது படி தூக்க வேண்டும் என்று சொன்னாலே வீட்டில் முக்கால்வாசிச் சண்டை தானாக முடிந்துவிடும், உன் வீட்டுக்காரரை ஒரு முனை பிடிக்கச் சொல்.

பாத்திரத்தை எல்லாம் ஐம்பது கிலோ அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டுவார்கள், அதைத்தான் செய்யக் கூடாது. சாக்கு பெரிதென்று நிரப்பிவிடுவீர்கள், தூக்குகிறவன் முதுகு போய்விடும், உள்ளே பீங்கான் இருந்தால் அதுவும் போய்விடும். கனமானதுக்குச் சின்னப் பெட்டி, துணிக்குப் பெரிய சாக்கு. பழைய தேயிலைப் பெட்டி, பலகையில் செய்தது, எங்கேயாவது கிடைத்தால் விடாதே, அதை மாதிரி சாமான் அடுக்க வசதி வேறு கிடையாது, இப்போது தூள் எல்லாம் கடதாசிச் சாக்கில் போவதால் அந்தப் பெட்டியைக் காண்பதே அபூர்வம். உரச் சாக்கு என்றால் நன்றாகக் கழுவிக் காயவைத்துத்தான், அதுவும் சாப்பாட்டுச் சாமானுக்கு வேண்டாம்.

பழைய இரும்பு, போத்தல் வாங்குகிறவரைப் போகிற நாளுக்கு முந்தின நாள் கூப்பிடாதே, உன் அவசரம் தெரிந்தால் விலை பாதி. இரண்டு கிழமைக்கு (வாரத்துக்கு) முன்னால் இரண்டு பேரிடம் கேள். பித்தளையையும் செம்பையும் இரும்போடு கலந்து நிறுக்க விடாதே. அத்தையின் பித்தளைக் குடத்தை மட்டும் எந்தக் காரணத்துக்கும் விற்காதே, அதை நிறுத்து வாங்கிக்கொண்டு போனால் நாளைக்கு நீ காசு கொடுத்தாலும் அந்தக் கனத்தில் ஒன்று கிடைக்காது.

நாள் ஞாயிற்றுக்கிழமையாக வை. வேலை நாளில் காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு) போன ஆட்கள் அந்திக்குத்தான் வருவார்கள், இருட்டில் படி ஏற முடியாது.

நான்தான்_ஜீவா:

அக்கா எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க. நான் கொழும்பில் ஐந்து வருடமாக இருக்கிறேன், என்னிடம் இருப்பது மொத்தமே இரண்டு பேக், ஒரு லெப்டொப். ஒரு வருடமாகக் கையில் எடுக்காத சாமான் தேவையில்லாத சாமான், அவ்வளவுதான்.

மேட்டுலயம்:

ஜீவா தம்பி, உன்னுடைய மிச்சச் சாமான் எல்லாம் உன் அம்மா வீட்டில் இருக்கும், போய்ப் பார். என் மகனும் இப்படித்தான் பேசுவான், அவனுடைய கிரிக்கெட் மட்டை இன்னும் என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

மகள், நாங்கள் மாறி வந்து இரண்டு வருடம் ஆகிறது, அதனால் எதை விட்டுவிட்டு வந்து வருத்தப்பட்டேன் என்பதைச் சொல்கிறேன். தண்ணீர் பிடிக்கிற குடங்களையும் பெரிய பீப்பாயையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன். புது வீட்டில் குழாய் இருக்கிறதே, இனி தண்ணீர் பிடிக்கப் பீலிக்கு எதற்குப் போகப் போகிறோம் என்ற எண்ணம். வந்த மூன்றாவது கிழமை குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது, நாலு நாள் பக்கத்து வீட்டில் குடம் இரவல் வாங்கினேன். குடத்தை விடாதே. கம்பளியையும் விட்டுவிடாதே, அது கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, லயத்தில் இரண்டு பக்கமும் ஆள் இருக்கிற சுவர், தனி வீட்டில் நாலு பக்கமும் குளிர்.

அப்புறம் சுவர். புது சீமெந்துச் சுவர் காய நாளாகும், அதுவும் நம் பக்கத்துப் பனிக்கும் மழைக்கும் சொல்லவே வேண்டாம். அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்தேன், மூன்று மாதத்தில் பின்பலகை முழுவதும் பூஞ்சணம், மகளின் பட்டுச் சேலையில் கரும்புள்ளி. ஒரு கை நுழைகிற அளவு இடைவெளி விட்டு வை, கால்களுக்கு அடியில் செங்கல் கொடு, உள்ளே ஒரு துணியில் அடுப்புக்கரி கொஞ்சம் முடிந்து போடு. துணியை நல்ல வெயில் நாளில் காயப்போட்டு, சூடு ஆறின பிறகு மடித்துக் கட்டு. ஈரம் இருக்கிற துணியைச் சாக்கில் கட்டி ஒரு கிழமை வைத்தால் அதைத் திறக்கும்போது நீயே மூக்கைப் பொத்திக்கொள்வாய்.

எதைத் தூக்கி வந்து வருத்தப்பட்டேன் என்றால் டப்பாதான். மூன்று சாக்கு நிறைய டப்பா மேட்டுக்கு ஏற்றினோம், மூடி ஒன்றுக்கும் பொருந்தவில்லை. உட்கார்ந்து டப்பாவுக்கு மூடி போட்டுப் பார், பொருந்தாததைக் கழி. அதை மட்டும் அடுப்பில் போட்டு எரிக்காதே, அந்தப் புகை பிள்ளைகளுக்கு ஆகாது.

பதுளை டீச்சர்:

மற்றவர்கள் சாமானைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் அந்தத் தகரப் பெட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியில் எனக்குப் பயமாக இருந்தது அது ஒன்றுதான்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தது. தாத்தா இறந்த பிறகு வீட்டைத் துப்புரவாக்குகிறோம் என்று அதற்குள் இருந்த கடதாசிக் கட்டைச் செல்லரித்துவிட்டது என்று சொல்லி அப்படியே அடுப்பில் போட்டோம், போட்டது நான்தான், அப்போது எனக்குப் பதினாறு வயது. பிறகு அப்பாவின் சேமலாப நிதிக் காசு எடுக்கப் போனபோதுதான் விளங்கியது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோலில் (தொழிலாளர் பதிவில்) ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்டுகிற பழைய துண்டுகள் எல்லாம் அந்தக் கட்டில் இருந்திருக்கின்றன. சத்தியக் கடதாசி, கிராம சேவகர், தோட்ட ஒபிஸ், பிரதேச செயலகம் என்று அப்பா ஒன்றரை வருடம் அலைந்தார். நம் ஆட்களுக்கு இந்தப் பெயர்ப் பிரச்சினை புதிதில்லை, கணக்கப்பிள்ளை காதில் விழுந்ததை எழுதினார், பதிவாளர் தன் காதில் விழுந்ததை எழுதினார்.

மற்ற ஊர்க்காரர்கள் பழைய கடதாசி என்றால் குப்பை என்று நினைக்கலாம், நமக்கு அப்படி இல்லை. 1948 குடியுரிமைச் சட்டத்தில் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர் நாம் நாடற்றவர்களானோம். 1964 ஒக்டோபர் 30 இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை என்று பிரித்தார்கள், மிச்சம் 1,50,000 பேரை 1974 இல் இரண்டு நாடும் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டன. அதற்குப் பிறகும் முடியாமல் 2003 இல் வந்த சட்டம் சொன்னது என்ன? அந்த 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக இருந்தவரும் அவர் வழி வந்தவர்களும் பிரஜைகள் என்பதுதான். அப்படியானால் அந்தக் காலத்துத் துண்டு ஒன்று உங்கள் பெட்டியில் இருந்தால் அது எவ்வளவு பெரிய சாட்சி என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு உங்களுக்கு அடையாள அட்டை இருக்கிறது, தேவைப்படாமலே போகலாம். இருந்தாலும் எரித்துவிட்டால் திரும்ப எழுதித் தர ஆள் இல்லை.

செய்ய வேண்டியது இது. ஒரு பின்னேரம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, அத்தைக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, அவரையே திறக்கச் சொல்லுங்கள். நீங்கள் திறக்காதீர்கள். "கழிக்கப் போகிறோம்" என்று சொல்லாதீர்கள், "மழையில் நனையாமல் எப்படிக் கொண்டுபோவது என்று பார்ப்போம்" என்று சொல்லுங்கள். ஒவ்வொன்றாக எடுத்து இது என்ன என்று அவரிடம் கேளுங்கள், அவர் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றையும் போனில் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்கள், பிரஜாவுரிமைக் கடதாசி, மாமாவின் பி காட் (சேமலாப நிதி அட்டை), சம்பளத் துண்டுகள், வங்கிப் புத்தகம், அடகுத் துண்டு, பிள்ளைகளின் கிளினிக் கொப்பி, புது வீட்டுக்குத் தந்த கடிதங்கள், இவை எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் போய், லொறியில் ஏறாமல், உங்கள் கையில் வர வேண்டும். மாமாவின் ஈ.பி.எப். (சேமலாப நிதி) காசு முழுவதும் எடுத்தாயிற்றா என்று அன்றைக்கே அத்தையிடம் கேளுங்கள். தொழிலாளி 8 வீதம், தோட்டம் 12 வீதம் கட்டின காசு, ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் எடுக்கலாம், இறந்துபோனவரின் காசை அவர் நியமித்தவர் கேட்டு எடுக்கலாம். அத்தையுடையதையும் சேர்த்துக் கேளுங்கள்.

2014 ஒக்டோபர் 29 கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயத்தோடு கடதாசியும் போனது. அன்றைக்கு இருந்து நான் என் வீட்டுக் கடதாசியை வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பையில்தான் வைத்திருக்கிறேன், பேய்மழை இரவுகளில் அது தலைமாட்டில்.

லொறிக்காரன்_ஹட்டன்:

டீச்சர் சொன்னதோடு இன்னொன்று. லயத்தில் இருக்கும்போது கடிதம் தோட்ட ஒபிசுக்கு வரும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து தருவார்கள். புது வீட்டுக்குப் போனதும் கிராம சேவகரிடம் சொல்லி வாக்காளர் இடாப்பு, முகவரி இதையெல்லாம் பாருங்கள். நேர்முகப் பரீட்சைக்கு வந்த கடிதம் மூன்று மாதம் ஒபிஸ் மேசை லாச்சியில் கிடந்த கதை என் தம்பிக்கே நடந்தது.

மஸ்கெலியா மருமகள்:

எல்லாருக்கும் நன்றி, பதில் எழுத ஒரு கிழமை ஆகிவிட்டது.

டீச்சர் சொன்ன மாதிரியே செய்தேன். பெட்டிக்குச் சாவி இல்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன், அத்தை தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்குக் கொத்தில் இருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்தார். உள்ளே மாமாவின் அப்பா பெயரில் ஒரு பழைய கடதாசி, மடித்த இடத்தில் கிழிந்து நாலு துண்டாக இருக்கிறது, மாமாவின் பி காட், மூத்த நாத்தனாரின் பள்ளிக்கூடச் சான்றிதழ் (அவர் இதைத் தேடி அழுத கதை எனக்கே தெரியும்), இந்தியாவுக்குப் போன மாமாவின் அண்ணன் எழுதின கடிதங்கள் பதினாலு. அத்தைக்கு வாசிக்கத் தெரியாது. நான் ஒன்றை வாசித்துக் காட்டினேன், மற்றதை நாளைக்கு வாசி என்றார். இன்னும் ஒன்பது மிச்சம் இருக்கிறது, தினமும் ஒன்று.

அதற்குப் பிறகு மற்றச் சாமானுக்குப் பெரிய சண்டை வரவில்லை, அதுதான் ஆச்சரியம். குடையில் கம்பி நல்லதாக இருந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அவரே இரும்புக்காரரிடம் போட்டார். டப்பா நாற்பத்தொன்று, மூடி பொருந்தினது ஆறு. கவ்வாத்துக் கத்தியில் ஒன்று வருகிறது, மற்றது பக்கத்துக் காம்பரா அண்ணனுக்கு. கதவில்லாத அலுமாரி மட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது, வீட்டுக்காரர் சனிக்கிழமை வந்து ஒரு முனை பிடித்துப் பார்க்கட்டும்.

பழைய கடதாசியின் நாலு துண்டையும் டேப் போட்டு ஒட்டலாமா? அப்புறம் கோழி ஐந்து இருக்கிறது, அதை எப்போது பிடித்துக் கொண்டுபோவது?

பதுளை டீச்சர்:

டேப் வேண்டவே வேண்டாம், நாளாக நாளாக மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துப் பிடுங்கும். துண்டுகளைச் சேர்த்து அடுக்கி அப்படியே பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள், லெமினேட்டும் செய்யாதீர்கள்.

மேட்டுலயம்:

கோழியை முதல் நாள் இரவு, அடைந்த பிறகு பிடி. காலையில் துரத்தினால் மலை முழுக்க ஓட வைக்கும். புது வீட்டில் இரண்டு நாள் கூட்டைத் திறக்காதே, திறந்தால் நேரே லயத்துக்குத்தான் போகும்.