மறு: சி.டி.இ.க்குத் தமிழில் என்ன? ‘நாட்பட்ட’ வேண்டாம் என்பது என் கட்சி

அனுப்பியவர்: கு.மா., பெரம்பூர்

குழுமத்தாருக்கு வணக்கம். சி.டி.இ. (குரோனிக் டிராமேட்டிக் என்செஃபலோபதி) என்பது தலையில் தொடர்ந்து அடி வாங்கியவர்களுக்குப் பின்னாளில் வரும் மூளைநோய். அதற்குத் தமிழில் ஒரு பெயர் கேட்டிருந்தேன். ஒருவர் தந்த விடை இது:

> நாட்பட்ட அதிர்ச்சிசார் மூளைக்கோளாறு. மூலத்தின் மூன்று உறுப்பும் வந்துவிடுகின்றன. இதையே வைத்துக்கொள்ளலாமே?

வந்துவிடுகின்றனதான். ஆனால் நான் இந்தச் சொல்லைக் கேட்டது அகராதிக்காக அல்ல. வடசென்னைக் குத்துச்சண்டைக் கூடங்களில் பெற்றோருக்கும் வாத்தியார்களுக்கும் கொடுக்க ஒரு சின்னத் துண்டறிக்கை தயாராகிறது, தமிழ் என் பொறுப்பு. ராயபுரத்தில் பையனைப் பயிற்சிக்கு அனுப்பும் ஓர் அம்மா ‘அதிர்ச்சிசார் மூளைக்கோளாறு’ என்று படித்தால், ஏதோ கெட்ட சேதி கேட்டுப் புத்தி பேதலித்த நோய் என்றுதான் நினைப்பார். நாளிதழைத் திறந்தால் ‘பொதுமக்கள் அதிர்ச்சி’, கம்பியைத் தொட்டால் மின்அதிர்ச்சி. மண்டையில் விழும் அடிக்குக் கொடுக்க அந்தச் சொல்லில் மிச்சம் ஒன்றும் இல்லை.

‘நாட்பட்ட’ அதைவிடச் சங்கடம். நாள்பட்ட புண், நாள்பட்ட இருமல் என்கிறோம். ‘நாள்பட விட்டுட்டீங்களே’ என்று மருத்துவர் கேட்கும்போது, உரிய காலத்தில் வரவில்லை என்ற கண்டிப்பும் சேர்ந்தே வருகிறது. இந்த நோயில் அப்படி உரிய காலத்தில் வந்து காட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆட்டத்தை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து, சிலருக்குப் பத்து இருபது ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டுகிறது. குறை யாருடையது என்று பெயரே தவறான ஆளைக் காட்டக்கூடாது.

வெளியே இதற்குப் பெயர் வைத்த கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான் போயிருக்கிறது. 1928இல் ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர், குத்துச்சண்டை ரசிகர்களின் பேச்சில் புழங்கிய ஒரு சொல்லையே மருத்துவ இதழுக்குக் கொண்டுபோனார். குத்து வாங்கியே போதை ஏறியவன் என்று அதற்குப் பொருள். தள்ளாடும் நடை, குழறும் நாக்கு; பார்ப்பவர் கண்ணுக்குக் குடிகாரன். 1937இல் லத்தீனில் ஒரு கௌரவமான பெயர் வந்தது. பிரித்துப் பார்த்தால் ‘குத்துச்சண்டைக்காரரின் அறிவிழப்பு’. மரியாதை கூடியது, ஆனால் நோய் ஒரே விளையாட்டின் வேலிக்குள் போய்விட்டது. 1973இல் இங்கிலாந்தில் கோர்செலிஸ் குழுவினர் ஆராய்ந்ததும் குத்துச்சண்டை வீரர்கள் 15 பேரின் மூளைகளைத்தான்.

வேலி உடைந்தது 2002இல். பிட்ஸ்பர்க்கில் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டர் 50 வயதில் இறந்தார். அவர் மூளையைப் பரிசோதித்த பென்னட் ஒமாலு, குத்துச்சண்டைக்காரர்களிடம் மட்டும் எதிர்பார்த்த மாற்றங்களை அங்கே கண்டு 2005இல் எழுதினார். அதே 2002இல் இங்கிலாந்தில் ஜெஃப் ஆஸ்ல் இறந்தார், வயது 59. நம்மூர்க் கால்பந்துதான், தலையால் முட்டியே பேர் வாங்கியவர். அவர் சாவு தொழில்சார் நோயால் வந்தது என்று மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். 2014இல் அந்த மூளையை மறுபடி ஆராய்ந்தபோது இந்த நோய் என்று தெரிந்தது. ஆகவே ‘குத்துச்சண்டை’ என்ற சொல் பெயருக்குள் வேண்டாம். நம் துண்டறிக்கை குத்துச்சண்டைக் கூடத்துக்கே போனாலும் சரி.

‘போதை’ வாடையும் வேண்டாம். காசிமேட்டுப் பக்கம் ஒரு பெரியவரைத் தெரியும், இளமையில் பரம்பரைச் சண்டை (வடசென்னையில் பரம்பரை என்ற பெயரில் அணி பிரிந்து ஆடும் குத்துச்சண்டை) ஆடியவர். டீக்கடையில் அவருக்குக் கிளாஸைப் பாதிதான் நிரப்பிக் கொடுப்பார்கள், கைநடுக்கத்தில் சிந்தும் என்று. சட்டைப் பொத்தானை மேலிருந்து போட்டுக்கொண்டே வருவார், கீழே ஒரு பொத்தான் மிஞ்சும், மறுபடி எல்லாவற்றையும் கழற்றுவார். பேருந்தில் ஏறும்போது தடுமாறியவரை நடத்துநர் ‘காலங்காத்தாலயேவா பெருசு?’ என்றார். அவர் குடிப்பவரே இல்லை. அவருக்கு இந்த நோய்தான் என்று நான் சொல்ல வரவில்லை, உயிரோடிருப்பவரை வைத்து எந்த மருத்துவரும் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பெயரும் சேர்ந்துகொண்டு அந்த நடத்துநர் கேட்டதையே கேட்கக்கூடாது.

இனி கன்கஷன், அதாவது தலையில் அடிபட்டதும் மூளை சற்று நேரம் தடுமாறுவது. இதற்குத்தான் முதலில் சொல் வேண்டும். ‘மூளையதிர்ச்சி’க்கு மேலே சொன்ன அதே வழக்கு. கூடத்தில் வாத்தியார்கள் என்ன சொல்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாடையில் ஒரு குத்து இறங்கிப் பையன் கண் செருகி நின்றதும் வந்தது: ‘பொறி கலங்கிடுச்சுடா, ஒக்காரு, தண்ணி ஊத்து.’ அகராதியே வேண்டாம் போலிருந்தது. ஐம்பொறியும் கலங்குவதுதானே அது? மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கும் மூளை, தலை திடீரென்று சுழலும்போது அதே வேகத்தில் திரும்புவதில்லை, நரம்பிழைகள் இழுபடுகின்றன. கண் மங்குகிறது, காது அடைக்கிறது, எந்த ஊர் எந்தச் சுற்று என்று தெரியவில்லை. எனவே கன்கஷன் = பொறிகலக்கம். (‘தண்ணி ஊத்து’வுக்கு அடுத்து வாத்தியார் சொன்னது ‘எழுந்து ஆடு’. துண்டறிக்கை அவருக்கும்தான்.)

அப்படியானால் சி.டி.இ.யை ‘தொடர் பொறிகலக்க நோய்’ என்றுவிடலாமே என்று கேட்பீர்கள். கூடாது. என் வாதமே இங்கேதான் இருக்கிறது. பொறி கலங்கிய அடிகள் மட்டும் கணக்கு என்றால் மிச்சக் கணக்கு போய்விடும். பொறி கலங்காத, ஆட்டத்தை நிறுத்தாத, ஆடியவனுக்கே நினைவிருக்காத அடிகளும் ஆண்டுக்கணக்கில் சேர்கின்றன. மூளையை ஆராய்ந்தவர்கள் இந்த நோயோடு சேர்த்துச் சொல்வது பொறிகலக்கங்களின் எண்ணிக்கையைவிட, எத்தனை ஆண்டு தலையில் அடி வாங்கினார் என்பதைத்தான். ஆகவே பெயரின் தலையில் நிற்க வேண்டியது ‘அடி’, அதிலும் தொடர்ந்த அடி.

என் பரிந்துரை: தொடரடி மூளைநலிவு.

கு.மா.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மயிலாப்பூர்

தம்பி கு.மா.வுக்கு,

தொடரடி என்றதும் எனக்கு வெண்பாதான் நினைவுக்கு வந்தது. எதுகை எங்கே, மோனை எங்கே என்று தேடிவிட்டேன். ஆனாலும் இலக்கணத்தில் பழுதில்லை. தொடர்ந்த அடி, தொடர்கின்ற அடி, தொடரும் அடி என மூன்று காலத்துக்கும் நிற்கும் வினைத்தொகை. ஆடுகளத்தில் இன்னமும் இருக்கும் பையனுக்கும் ஒத்துவரும், ஓய்ந்து வீட்டிலிருக்கும் முதியவருக்கும் ஒத்துவரும். ‘நாட்பட்ட’வுக்கு இந்த வசதி கிடையாது.

சென்ற வாரம் இங்கே ஒரு நண்பர் ‘பல்லடி’ என்றார். நான் பல் ஆடுகிறதோ என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ‘தாக்கம்’ வேண்டாம், அது இப்போது விளைவு என்றாகிவிட்டது. தலைத்தாக்கமா, புயல் தாக்கமா என்று கேட்பார்கள். ‘மோதல்’ என்றால் காவல்துறைச் செய்தி.

பொறிகலக்கத்தில் எனக்கு ஒரே ஒரு நெருடல். பொறி என்றால் இன்றைக்கு இயந்திரம். பொறியியல் கல்லூரிகள் நிறைந்த ஊரில் பொறிகலக்கம் என்றால் எஞ்சின் பழுது என்று நினைப்பாரோ? அதோடு ரகரம் மாற்றி அச்சடித்தால் கடலைப்பொரி. பிழைதிருத்துபவர் விழிப்பாக இருக்கட்டும். மற்றபடி, மக்கள் வாயில் உயிரோடிருக்கும் தொடரைப் பெயராக்குவதை நான் எதிர்க்கமாட்டேன்.

அனுப்பியவர்: நரம்பியல் மருத்துவர், கீழ்ப்பாக்கம்

கு.மா. சார், ஐயா, இருவருக்கும் வணக்கம்.

‘நலிவு’க்கு என் ஓட்டு. முன்பு ஒருவர் சொன்ன ‘சிதைவு’ வேண்டாம். சிதைவு என்றால் அடிபட்ட அன்றே மூளை நசுங்கியதுபோல் ஒலிக்கிறது. இங்கே நடப்பது மெதுவான வேலை. நரம்பிழைக்குள் இருக்கும் நுண்குழல்களைத் தாங்கிப் பிடிக்கும் டௌ என்ற புரதம், பிடிவிட்டுத் திரிந்து முடிச்சுமுடிச்சாகக் கட்டிக்கொள்கிறது. அதுவும் எங்கே? மூளை மடிப்புகளின் பள்ளத்து ஆழத்தில், சின்ன இரத்தக் குழாய்களைச் சுற்றி. அந்த இடத்தை வைத்துத்தான் இது அல்சைமர் என்ற மறதிநோய் அல்ல என்று பிரிக்கிறோம். அல்சைமரில் டௌவும் உண்டு, அமிலாய்டு என்ற இன்னொரு புரதத்தின் படிவும் உண்டு, படியும் விதம் வேறு. அடி நின்ற பிறகும் இது நிற்பதில்லை. ‘நலிவு’ அந்த ஓட்டத்தைச் சொல்கிறது.

‘மறதி’ என்ற சொல்லைப் பெயரில் சேர்க்காததும் சரி. பலரிடம் முதலில் தெரிவது மறதியே இல்லை. கோபம், மனச்சோர்வு, யோசிக்காமல் செய்துவிட்டு விழிப்பது. ‘அவர் இப்படிப்பட்ட ஆளே இல்லை டாக்டர்’ என்றுதான் மனைவிமார்கள் ஆரம்பிப்பார்கள். மறதியும் நடைத்தளர்வும் பிறகு வரலாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள். உறுதியாகச் சொல்ல இறந்தபின் மூளையை அறுத்துப் பார்க்க வேண்டும் என்பதால், ‘தொடரடி மூளைநலிவு’ அந்தத் திசுமாற்றத்தின் பெயராக மட்டும் இருக்கட்டும். உயிரோடிருப்பவரிடம் காணும் அறிகுறிகளுக்கு 2021இல் அமெரிக்காவில் தனி வரையறையே வகுத்திருக்கிறார்கள். அதைத் ‘தொடரடி அறிகுறித்தொகை’ எனலாம். இரண்டையும் கலந்தால், வெறும் மனச்சோர்வோடு வருகிறவருக்கும் ‘உன் மூளை போச்சு’ என்று முத்திரை குத்திவிடுவார்கள். மனச்சோர்வுக்கு மருந்து இருக்கிறது.

வரைவில் 111இல் 110 பேருக்கு நோய் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். எண் சரி. 2017இல் பாஸ்டனில் ஆன் மெக்கீ குழுவினர் வெளியிட்டது, எல்லாம் அமெரிக்கக் கால்பந்தைத் தொழில்முறையில் ஆடியவர்கள். ஆனால் அவை குடும்பத்தார் சந்தேகப்பட்டுத் தானம் கொடுத்த மூளைகள். ஆடிய அத்தனை பேரிலும் அதே விகிதம் என்று பொருளில்லை. அதற்குப் பதில் கிளாஸ்கோ ஆய்வைப் போடுங்கள். 2019இல் வந்தது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் 7,676 பேரைப் பொதுமக்களோடு ஒப்பிட்டார்கள். நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது வீரர்களிடம் ஏறக்குறைய மூன்றரை மடங்கு. பந்தை அதிகம் முட்டாத கோல்காவலர்களுக்கு மறதிநோய் மருந்து எழுதப்பட்டது மற்றவர்களைவிடக் குறைவு. பெற்றோருக்கு இது புரியும்.

அட்டையில் முகமது அலி படம் வேண்டாம். 1980இல் சென்னைக்கு வந்து காட்சிப்போட்டி ஆடியவர், வடசென்னைக்காரர்களுக்குக் குலசாமி மாதிரி, தெரியும். ஆனால் 1984இல் அவருக்குக் கண்டறிந்தது பார்க்கின்சன் என்ற நடுக்கநோய். அதைக் குத்துகள்தான் கொடுத்தன என்று நாம் அச்சிட முடியாது.

தலைக்கவசம் போட்டால் போதும் என்று நம்புகிறவர்களுக்காக ஒரு வரி சேருங்கள். அது வெட்டுக்காயத்தைக் குறைக்கும், உள்ளே மூளை சுழல்வதைத் தடுக்காது. 2013இல் சர்வதேச அமெச்சூர் போட்டிகளில் ஆண்களுக்கு அதை எடுத்தேவிட்டார்கள். எடுத்தது சரியா என்ற சண்டை தனி.

அனுப்பியவர்: கு.மா., பெரம்பூர்

டாக்டரம்மா, 111-110 வரியை எடுத்துவிட்டேன். கிளாஸ்கோ உள்ளே வந்துவிட்டது, அலி வெளியே. அச்சகக்காரருக்குத்தான் வருத்தம், படம் தேடி வைத்திருந்தாராம்.

ஐயா, பொறியியல் மாணவர்கள் குழம்பாமலிருக்க, முதல் தடவை மட்டும் ‘கன்கஷன் என்னும் பொறிகலக்கம்’ என்று போடுகிறேன். கன்கஷன் இப்போது கிரிக்கெட் பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். 2019இல், கன்கஷன் ஆனவருக்குப் பதில் இன்னொருவரை இறக்கலாம் என்ற மாற்று வீரர் விதி வந்தது. 2020 டிசம்பரில் கான்பெராவில் நம்ம ஜடேஜா ஹெல்மெட்டில் அடிபட்டு உட்கார, சஹல் வந்து மூன்று விக்கெட் எடுத்தார். அன்றைக்கு டீக்கடைகளில் பேச்சு முழுக்க மாற்று வீரர் நியாயமா அநியாயமா என்றுதான். ஜடேஜாவின் மண்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இன்னும் ஒரு சொல் பாக்கி. பொறி கலங்காத அந்தச் சின்ன அடிகளுக்குப் பெயர் இல்லாமல் ஒரு பத்தி முழுதும் ‘அறிகுறி எதுவும் காட்டாத சிறு அடி’ என்று இழுத்துக்கொண்டிருக்கிறேன். ‘கலங்கா அடி’ என்று வைக்கலாமா? சேர்த்து எழுதினால் ‘கலங்காவடி’ ஆகிக் காவடி எடுக்கும், அதனால் பிரித்தே எழுதுவோம். ‘மறையடி’ என்று இன்னொருவர் தனிமடலில் சொன்னார். ஆனால் அது யாரோ ஒளிந்திருந்து அடித்ததுபோல் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்போ மாற்றோ இருந்தால் வியாழன் இரவுக்குள் சொல்லிவிடுங்கள்.

கு.மா.