முழங்கால் மடியும் திசை: மைதானத்திலும் கரையிலும் மூவர் கண்டவை

மட்டக்களப்பு, வலைப்பந்துப் பயிற்றுநர்

பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்குகிறவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். எறிவதும் பிடிப்பதும் பிறகு வரட்டும். முதலில் தரையிறங்கப் பழக்குங்கள்.

எங்கள் அணியில் நன்றாகத் துள்ளக்கூடிய பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். கோல் வட்டத்தின் விளிம்பில் பாய்ந்து பந்தைப் பிடித்து, வலது காலில் 'தொப்' என்று இறங்கினாள். அந்த நொடியில் அவளுடைய முழங்கால் உள்பக்கமாக மடிந்து மற்றக் காலைத் தொடப் போனது. காயம் ஒன்றுமில்லை, பந்தும் கைமாறியது, எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. முழங்காலுக்குள் இருக்கும் முன்பக்கக் குறுக்கு நார், ஏ.சி.எல். என்று மருத்துவர்கள் சொல்வது, பெரும்பாலும் இப்படித்தான் அறுகிறது. யாரும் மோத வேண்டியதில்லை. ஒரே விளையாட்டை ஆடும் பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

விளையாட்டின் விதியும் இதற்கு ஒரு காரணம். பந்தோடு இறங்கிய காலைத் தூக்கலாம், ஆனால் பந்தை விடுமுன் அதை மீண்டும் ஊன்றக் கூடாது. ஓடி வந்த வேகம் முழுவதையும் அந்த ஒரு கால் வாங்கி நிறுத்த வேண்டியிருக்கிறது.

கணக்கு எளிது. 30 செ.மீ. உயரத்திலிருந்து இறங்கும் உடல் செக்கனுக்கு ஏறக்குறைய 2.4 மீற்றர் வேகத்தில் நிலத்தைத் தொடுகிறது. விறைத்த காலோடு 0.05 செக்கனில் நின்றால், நிலம் திருப்பித் தரும் சராசரி விசை உடல் நிறையின் ஆறு மடங்கு. இடுப்பையும் முழங்காலையும் கணுக்காலையும் மடித்து 0.2 செக்கன் எடுத்துக்கொண்டால் அது இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். நிறுத்த வேண்டிய உந்தம் ஒன்றுதான்; நேரத்தை நீட்டினால் விசை குறைகிறது.

இதைக் கரும்பலகையில் எழுதிப் பயனில்லை. தாழ்வான படியிலிருந்து ஒருத்தி குதிப்பாள், மற்றவர்கள் முதுகைக் காட்டி நின்று காது கொடுப்பார்கள். சத்தம் கேட்டால் மறுபடியும் குதிக்க வேண்டும். சத்தம் அடங்கிய பிறகு, முழங்கால் இரண்டாவது கால்விரலுக்கு நேராக நிற்கிறதா என்று தோழி ஒருத்தி முன்னால் நின்று பார்ப்பாள். "கவனமாக விளையாடு" என்று கத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

திருக்கோவில் ஊர்ப் பக்கமிருந்து

வலைப்பந்து பழக்கும் ஆசிரியை மேலே சொன்னதை நான் கடற்கரையில் வேறொரு வடிவத்தில் பார்த்திருக்கிறேன். எங்கள் மாமா கரைவலை இழுப்பவர். புதிதாக வரும் பையன்கள் கயிற்றை நெஞ்சுக்கு நேரே பிடித்துக் கையால் இழுத்து, முன்னால் சரிந்து விழுவார்கள். "தம்பி, கயிற்றை இடுப்புக்கு இறக்கு, குதிக்காலால் இழு" என்பார் மாமா.

பள்ளிக்கூடத்தில் திருப்பம், அதாவது ஒரு விசை பொருளைச் சுழற்றும் திறன், படித்த பிறகுதான் அந்த வார்த்தையின் பெறுமதி விளங்கியது. 60 கிலோ உடல் பின்னால் சாய்ந்து, புவியீர்ப்பு மையம் குதிக்காலுக்கு 40 செ.மீ. பின்னே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு 90 செ.மீ. உயரத்தில் இருந்தால் ஏறத்தாழ 27 கிலோ நிறைக்குச் சமமான இழுப்பைச் சரியாமல் தாங்கலாம். அதே சாய்வில் கயிறு 130 செ.மீ. உயரத்துக்கு ஏறினால் 18 கிலோவோடு சரி. ஆளும் அதே ஆள், பலமும் அதே பலம். சித்திரைப் புத்தாண்டுக் கயிறிழுத்தலிலும், கண்ணகி அம்மன் கோயில் முன்றிலில் வடசேரி, தென்சேரி என்று இரு கட்சியாகப் பிரிந்து கொம்புகளைக் கொழுவி இழுக்கும் கொம்புமுறியிலும், தாழ நின்று குதிக்காலை ஊன்றும் ஆட்களை அசைப்பது கடினம்.

ஆசிரியைக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளைக் காய்ந்த மணலில் மட்டும் குதிக்க விடாதீர்கள். மணல் தானே அமிழ்ந்து, இறங்கி நிற்கும் நேரத்தை நீட்டிவிடும். முழங்கால் வேலை பழகாது. ஓட்டத்துக்கு மணல் வேறு கதை: உறுதியான தரையைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தியை வாங்கிவிடும், அதனால் உடலுக்கு நல்ல வேலை.

மட்டக்களப்பு நகர், கூடைப்பந்து

வெபர் அடிகளாரும் ஹெபர்ட் அடிகளாரும் கூடைப்பந்து வளர்த்த ஊர் இது. இங்கேயும் சுதந்திர எறிதல், அதாவது யாரும் தடுக்காமல் நின்று எறியும் எறிதல், வளையத்தை எட்டாமல் விழும்போது "கையில் பலமில்லை" என்றுதான் பெற்றோர் சொல்கிறார்கள். ஆட்டத்தின் கடைசியில் களைப்பது கால். முழங்கால் மடியாதபோது பந்து தட்டையாகப் போகிறது. வளையத்தின் உள்விட்டம் 45 செ.மீ., பந்து ஏறக்குறைய 24 செ.மீ. 45 பாகை சரிவில் இறங்கும் பந்துக்கு வளையம் 32 செ.மீ. அகலமாகத் திறந்திருக்கும். 30 பாகையில் வந்தால் 22.5 செ.மீ. தான்; விளிம்பைத் தொடாமல் பந்து உள்ளே போக வழியே இல்லை. களைத்த பிள்ளையிடம் நான் சொல்வது "முழங்காலை மடி, உயர்த்தி எறி" என்பது மட்டுமே.