புதுப்பிப்பு: 12 அங்குல சப்வூஃபர், 20 லிட்டரிலிருந்து 40 லிட்டருக்கு

கார் டிக்கியில் 20 லிட்டர் மூடிய பெட்டி வைத்தால் 'டம்' என்று இடிக்கிறது, ஆழமான பாஸ் மட்டும் வரவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது அதே டிரைவர் (பெட்டிக்குள் பொருத்தும் ஸ்பீக்கர்) 40 லிட்டரில்.

டிரைவரின் எஃப்எஸ் (பெட்டியில்லாமல் அதன் ஒத்ததிர்வு) 28 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்ற எண்; குறைந்தால் கட்டுப்பாடு அதிகம்) 0.45, விஏஎஸ் (டிரைவரின் தொங்கல் அளவுக்கே விறைப்பு தரும் காற்றின் கொள்ளளவு) 60 லிட்டர். விஏஎஸ்ஸைப் பெட்டி அளவால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்து மற்ற இரண்டோடும் பெருக்குங்கள்; பெட்டிக்குள் இருக்கும்போதான ஒத்ததிர்வும் க்யூவும் கிடைக்கும். 20 லிட்டரில் ஒத்ததிர்வு 56 ஹெர்ட்ஸ், க்யூ 0.9, 90 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி அளவில் லேசான மேடு. 40 லிட்டரில் 44 ஹெர்ட்ஸ், 0.71. கணக்குப்படி 30 ஹெர்ட்ஸில் சுமார் இரண்டரை டெசிபல் லாபம். ஆனால் அங்கே கோனின் அசைவும் மூன்றில் ஒரு பங்கு கூடும். பெட்டியை மாற்றியதும் ஆம்ப்ளிஃபையரின் கெயினைக் குறைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். கெயினைப் பழைய அளவிலேயே விட்டால் காயில் (கோனோடு ஒட்டிய கம்பிச்சுருள்) அடிமட்டத்தில் இடிக்கக்கூடும்.

பலகை 18 மி.மீ. எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை), உள்ளளவு 40 × 36 × 30 செ.மீ., அதாவது 43.2 லிட்டர். டிரைவரின் காந்தமும் கூடையும் 2.5, குறுக்குச்சட்டம் 0.7 லிட்டர் அடைக்கும்; மிச்சம் 40. பலர் கழிக்க மறப்பது இதைத்தான்.

பொருத்துவதில் மர ஸ்க்ரூ வேண்டாம், எம்டிஎஃப் பொடிந்து தளர்ந்துவிடும். டி-நட்டும் (பலகையின் பின்புறம் பதியும் உலோக நட்டு) போல்ட்டும் போட்டு, விளிம்புக்கடியில் ஃபோம் டேப் ஒட்டி, எதிரெதிராக இறுக்குங்கள். கோனை இரு கையாலும் சமமாக மெல்ல அழுத்தி விடுங்கள்: மெதுவாகத் திரும்பினால் காற்று கசியவில்லை. சட்டென்று துள்ளினால் முதலில் ஒயர் துளையைப் பாருங்கள், பெரும்பாலும் கசிவு அங்கேதான்.