உள்ளங்காலில் உள்ள மச்சம் மாறுகிறது, இன்னொரு டாக்டரிடம் காட்டலாமா?

தலவாக்கலை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வயது 34. வலது உள்ளங்காலில், குதிகாலுக்குச் சற்று முன்னால் எனக்கு ஒரு மச்சம் உண்டு. காலில் மச்சம் உள்ளவள் கடல் தாண்டுவாள் என்று அம்மாயி குளிப்பாட்டும்போதெல்லாம் சொல்வார். அப்போது அது கடுகளவு. போன சித்திரை விடுமுறையில் நகம் வெட்டும்போது பார்த்தால் மிளகளவு ஆகிவிட்டது போலத் தெரிந்தது. ஒரு ஓரம் நல்ல கறுப்பு, மற்ற ஓரம் சாயத்தண்ணி போல மண்ணிறம். வலி, அரிப்பு, இரத்தம் எதுவும் இல்லை.

டவுனில் ஒரு டாக்டரிடம் போனேன். சப்பாத்தைக் கழற்றிக் காலைத் தூக்கிக் காட்டினேன். இருந்த இடத்திலிருந்தே பார்த்துவிட்டு, மச்சம்தான், பயப்படாதீங்க என்றார். பூசுவதற்கு ஒரு களிம்பும் எழுதினார். வெளியே வந்த பிறகுதான், அவர் கிட்ட வந்து பார்க்கவே இல்லை என்பது உறைத்தது.

அன்றிலிருந்து தூக்கம் இல்லை. இரவில் பிள்ளைகள் படுத்த பிறகு போன் வெளிச்சத்தில் படம் எடுக்கிறேன், அடிமட்டம் வைத்து அளக்கிறேன். ஒரு நாள் 4 மில்லிமீற்றர், மறுநாள் 6. இதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு பெரியம்மாவுக்குக் காலில் ஆறாத புண் இருந்தது. அட்டை கடித்த புண் என்றுதான் அவரும் நாங்களும் நினைத்தோம். காலையில் தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போவதை ஒரு நாளும் நிறுத்தவில்லை. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது தொடையிலும் கட்டி வந்திருந்தது. அவர் முகம் கண்ணை மூடினால் வருகிறது.

இன்னொரு டாக்டரிடம் போனால் முதல் டாக்டரை அவமதித்ததாக ஆகுமா? கண்டிக்குப் போவதென்றால் ஒரு நாள் லீவு வேண்டும். வீட்டுக்காரர், சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்கிறார். எனக்கும் சில நேரம் அப்படித்தான் தோன்றுகிறது.

கிளினிக் அக்கா:

டீச்சர், தோல் கிளினிக்கில் 11 வருடம் நர்ஸாக வேலை செய்தவள் நான். போங்க. இன்னொருவரிடம் காட்டுவதில் அவமதிப்பு எதுவும் இல்லை. ஒரு டாக்டர் பார்த்தது போதாமல் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுவது எங்கள் கிளினிக்கிலேயே வழக்கம்.

மச்சத்தில் நாங்கள் பார்ப்பது இவை: இரண்டு பாதியும் ஒன்று போல இருக்கிறதா, ஓரம் கலைந்திருக்கிறதா, ஒன்றுக்கு மேல் நிறம் இருக்கிறதா, 6 மில்லிமீற்றரைத் தாண்டிவிட்டதா, மாறிக்கொண்டு வருகிறதா. இதில் மாறுவதுதான் பெரிய விஷயம். நம்மைப் போன்ற கருத்த தோலுக்கு வெயிலால் தோல் புற்றுநோய் வருவது குறைவு. ஆனால் மெலனோமா என்கிற கெட்ட வகை வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் படாத இடங்களில்தான் அதிகம் வரும். பாதத்து மச்சம் என்றால் எட்ட நின்று பார்ப்பது போதாது என்று நான் சொல்வது அதனால்தான்.

டெர்மட்டோஸ்கோப் என்று வெளிச்சத்தோடு ஒரு சின்னக் கருவி இருக்கிறது. பாதத்துத் தோலில் கைரேகை போல மேடும் பள்ளமுமாகக் கோடு ஓடுகிறது இல்லையா? நிறம் பள்ளத்தில் ஓடினால் அநேகமாகச் சாதாரண மச்சம். மேட்டில் ஓடினால் விடமாட்டார்கள். வெறும் கண்ணுக்கு இது தெரியாது. நீங்கள் போய் இந்தக் கருவியால் பார்க்கும்படி வாய் திறந்து கேளுங்கள். சந்தேகம் என்றால் மரக்க ஊசி போட்டு, மச்சத்தை முழுசாக எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1 மில்லிமீற்றருக்குள் பிடித்துவிட்டால் பெரும்பாலும் வெட்டி எடுப்பதோடு முடிந்துவிடும்.

ராத்திரிப் படத்தை இன்றோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு நாளும் வெளிச்சமும் கோணமும் வேறு, அதனால்தான் 4 என்றும் 6 என்றும் காட்டுகிறது. மாதம் ஒரு தடவை, பகலில், ஜன்னல் பக்கம், பக்கத்தில் அடிமட்டம் வைத்து ஒரு படம் எடுத்தால் போதும். உங்கள் பயத்தை நான் குறைவாக எண்ணவில்லை. பெரியம்மாவைப் பார்த்தவருக்குப் பயம் வரத்தான் செய்யும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மஸ்கெலியா தம்பி:

அக்கா, எங்கள் பக்கம் சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைத்து மச்சம் எடுக்கிறார்கள். ஒரே வாரத்தில் உதிர்ந்துவிடும். செலவும் இல்லை.

கிளினிக் அக்கா:

தம்பி, கோபிக்காதீங்க, தயவுசெய்து யாருக்கும் இதைச் சொல்ல வேண்டாம். மேலே கருகி உதிரும், கீழே இருப்பது கீழேயே இருக்கும். பரிசோதனைக்கு அனுப்பவும் எதுவும் மிஞ்சாது.

பொகவந்தலாவைக்காரன்:

டீச்சர், எனக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் கறுப்பு வந்தது. பாடகர் பொப் மார்லிக்கும் அதே இடத்தில்தான் மெலனோமா வந்தது, பந்து விளையாடி அடிபட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள், 1981இல் 36 வயதில் இறந்துவிட்டார். இதைப் படித்துவிட்டு மூன்று மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. முதல் டாக்டர் இரத்தக்கட்டு என்றார், நம்பவில்லை. இரண்டாவது டாக்டரும் அதையே சொன்னார். ஆனால் அவர் காரணத்தையும் சொன்னார்: இரத்தக்கட்டு என்றால் நகத்தோடு சேர்ந்து முன்னால் நகரும், பின்னால் வெள்ளை நகம் முளைக்கும். கறுப்பு அதே இடத்தில் நின்றாலோ, நகத்தைத் தாண்டித் தோலுக்குப் பரவினாலோ அன்றே வா என்றார். கால் நகம் முழுதாக வளர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். எனக்குப் பத்து மாதத்தில் நுனிக்கு வந்து, வெட்டி எறிந்தேன்.

காரணம் தெரிந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. நீங்களும் ஒன்றுமில்லை என்ற பதிலோடு எழுந்து வராதீங்க, ஏன் ஒன்றுமில்லை என்று கேளுங்க. இன்னொன்று, சிங்களத்தில் சொல்லத் தடுமாறுவீர்கள் என்றால் எப்போதிருந்து, எப்படி மாறியது என்று முன்கூட்டியே எழுதி, தெரிந்தவரிடம் கொடுத்துத் திருத்தி எடுத்துக்கொண்டு போங்க. அந்த அறையில் எனக்குப் பாதி வார்த்தை மறந்துபோனது.

தலவாக்கலை டீச்சர்:

போய் வந்துவிட்டேன். விடியல் 4 மணிக்குப் புறப்பட்டோம், வீட்டுக்காரரும் வந்தார். கண்டியில் முதலில் ஓ.பி.டி.யில் துண்டு எடுத்து, பிறகு தோல் கிளினிக். பெண் டாக்டர். எழுதிக்கொண்டு போன தாளை முழுவதும் வாசித்தார். காலைத் தன் மடிக்கு அருகில் இழுத்து வைத்து அந்தக் கருவியால் பார்த்தார். நான் கேட்பதற்கு முன்னே, நிறம் பள்ளத்தில்தான் ஓடுகிறது என்று அவரே திரையில் காட்டினார். சரியாக 5 மில்லிமீற்றர். இப்போது வெட்டத் தேவையில்லை, 3 மாதத்தில் திரும்ப வாங்க, அப்போதும் இதே படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று கிளினிக் கொப்பியில் எழுதித் தந்தார். மாறியிருந்தால் எடுத்துவிடுவார்களாம். பயம் முழுதாகப் போகவில்லை. ஆனால் நேற்று படம் எடுக்காமல் படுத்தேன்.

பெரியம்மா கதையையும் சொன்னேன். வீட்டில் வேறு யாராவது வெறுங்காலோடு வேலை செய்கிறார்களா, அவர்கள் பாதத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். எங்கள் அம்மா 31 வருடம் கொழுந்து எடுத்தவர். அவருடைய உள்ளங்காலை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. வந்ததும் கேட்டேன், காலைக் காட்ட மாட்டேன் என்று சேலையை இழுத்து மூடிக்கொண்டார். இன்றைக்கு வெந்நீர் வைத்திருக்கிறேன். வெடிப்புக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் உட்காரவைக்க வேண்டும்.