கொழும்பில் மறைவான கொக்டெயில் உணவகம்: போனவர்கள் சொல்லுங்கோ

லண்டனிலிருந்து மச்சாளும் அத்தானும் வருகிறார்கள். பெயர்ப்பலகை இல்லாமல், ஏதோ ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு நுழைகிற 'ஸ்பீக்ஈஸி' மாதிரி இடத்துக்குத்தான் போக வேண்டுமாம். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்குக்குப் பயந்து ஒளித்து நடத்தியது, இப்போது ஸ்டைலாகிவிட்டது!

கொள்ளுப்பிட்டி, கோட்டைப் பக்கம் அப்படி ஏதும் இருக்கிறதா? தென்னஞ்சாராயத்தில் தேசிக்காய், இஞ்சி சேர்த்த கொக்டெயில் கிடைத்தால் நல்லது. சாப்பாடு நடுவில் வைத்துப் பகிர்கிற சின்னத் தட்டுகளாக வேண்டும். ஆனால் அம்மா மரக்கறி மட்டும்தான். இறால் பொரித்த எண்ணெய்கூட அவவுக்கு ஆகாது. தனியாகச் சமைத்துத் தருவார்களா?

ஆறு பேர் வருவோம். முன்பதிவு கட்டாயமா? மெனு விலைக்கு மேல் சேவைக் கட்டணம், வரி எவ்வளவு ஏறும்? பௌர்ணமி விடுமுறையான போயா அன்று மது கிடையாது, அதனால் அடுத்த நாள் போகிறோம்.