புதுப்பிப்பு: வளைகாப்புச் சுருக்குப்பை தைத்து முடித்தாச்சு

தங்கச்சி வளைகாப்புக்கு 48 சுருக்குப்பை தைக்கணும், கயிற்றை இழுத்தால் வாய் கோணிக்கொள்கிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேனே, அது ஒருவழியாக முடிந்தது.

தப்பு கயிற்றில்தான். ஒரே கயிறு போட்டிருந்தேன். இரண்டு வேண்டும்: ஒன்று இடப்பக்கம் நுழைந்து முழுக்கச் சுற்றி இடப்பக்கமே வெளியே வரணும், மற்றது அதேபோல வலப்பக்கம். கயிறு ஒவ்வொன்றும் 18 அங்குலம். நுனியில் ஊக்கு குத்தித் தள்ளினால் சுலபமாகப் போகும்.

துணி ரங்கூன் தெயின்ஜி சந்தையில் வாங்கிய பருத்தி லுங்கித் துணி. 44 அங்குல அகலம், 2 கெஜம். 7க்கு 18 என்று வெட்டினால் 24 பை தேறும், ஆக இரண்டு துண்டு போதும். வெட்டுவதற்கு முன்னால் நனைத்துக் காயப்போடுங்கள், பருத்தி சுருங்கும். பாதியாக மடித்து, மேலே ஒன்றரை அங்குலம் கயிற்று மடிப்புக்கு விட்டு, பக்கங்களைத் தைத்தால் ஆச்சு. கரண்ட் போனாலும் அம்மாவின் மிதி மிஷின் ஓடியது, புண்ணியம்.

ஒரு கூத்து. முதலில் வீட்டில் கிடந்த மயில் போட்ட துணியில் ஆறு தைத்தேன். அடியில் மடிப்பு வருவதால் முன்பக்கம் மயில் நிற்கிறது, பின்பக்கம் தலைகீழ்! படம் போட்ட துணியென்றால் இரண்டு துண்டாக வெட்டி அடியிலும் தைக்கணும். கட்டமோ கோடோ என்றால் கவலையில்லை.

அந்த ஆறையும் சித்தி எடுத்துக்கொண்டார். கிராம்பு, ஏலக்காய் போட்டு வைக்கிறாராம்.