கைடு வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகிறார், நானும் போகணுமா? (அவசரம்)

குழப்பத்தில்_ஒருத்தி:
எல்லோருக்கும் வணக்கம். பிஎச்டி முதல் வருடம், வெளிநாட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. நேற்று குழுக் கூட்டத்தில் எங்கள் கைடு, தான் வேறு பல்கலைக்கழகத்தில் சேரப்போவதாகச் சொன்னார். "விருப்பம் உள்ளவர்கள் என்னோடு வரலாம், மற்றவர்களுக்குத் துறை ஏதாவது ஏற்பாடு செய்யும்" என்று முடித்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். சீனியர்கள் யாரும் வாயே திறக்கவில்லை. வீட்டிலும் இன்னும் சொல்லவில்லை. அவரோடு போகலாமா, இங்கேயே இருந்துவிடலாமா? ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

லேப்_அக்கா:
தங்கச்சி, கைடு போகிற இடத்துக்குப் போய்விடு. நான் அமெரிக்காவில் உயிரியல். நான் சேர்ந்த லேப் அப்போதுதான் வேறு ஊரிலிருந்து மாறி வந்திருந்தது. மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரைத் திறந்தால் பெட்டி பெட்டியாக மாதிரிகள். ஒவ்வொரு குழாயின் மூடியிலும் நீல மார்க்கரில் இரண்டு எழுத்து, ஒரு தேதி, அவ்வளவுதான். எழுதிய மாணவர் பழைய பல்கலைக்கழகத்திலேயே தங்கிவிட்டார். அவருக்குத் தன் மாதிரிகள் கையில் இல்லை, எங்களுக்கு எந்தக் குழாயில் எந்த செல் என்று தெரியாது. என் முதல் மாதங்கள் அதைக் கண்டுபிடிப்பதிலேயே போயின. இத்தனைக்கும் அவை சும்மா வந்துவிடவில்லை. மாதிரிகளை இடம் மாற்ற இரண்டு பல்கலைக்கழகங்களும் ஒப்பந்தம் போட வேண்டும். எலி வைத்து வேலை என்றால் புதிய இடத்தில் நெறிமுறைக் குழுவின் அனுமதியை முதலிலிருந்து வாங்க வேண்டும். பொருள் போன பிறகு நீ மட்டும் அங்கே உட்கார்ந்து என்ன செய்வாய்?

பொருளியல்_தம்பி:
அக்கா சொல்வது லேப் இருக்கிறவர்களுக்கு. பொருளாதாரத்தில் நிலைமை அப்படியே தலைகீழ். இங்கே மாணவரைச் சேர்ப்பது துறை, கைடு இல்லை. முதல் வருடம் முழுக்க நுண்பொருளியல், பேரியல் பொருளியல், எக்கனாமெட்ரிக்ஸ் பாடங்கள், முடிவில் தகுதித் தேர்வு. அந்தத் தேர்வுக்குப் படித்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. அதையெல்லாம் தாண்டிய பிறகுதான் கைடு என்ற பேச்சே வரும். அவர் இடம் மாறினாலும் ஆய்வேட்டுக் குழுவில் வெளியாளாக நீடிக்கலாம், வாராவாரம் வீடியோவில் பேசலாம். என் கைடும் போனார், நான் எங்கேயும் போகவில்லை, ஒரு குறையும் இல்லை.
ஒரே சிக்கல் தரவு. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ரகசியத் தரவை அதற்கென்று இருக்கிற மையங்களில்தான் திறக்க முடியும். வெளிநாட்டவர் என்றால் கடைசி 5 வருடத்தில் 3 வருடமாவது அந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட தரவில் வேலை செய்கிறவர் அவசரப்பட்டு நகரக் கூடாது.

இயந்திரவியல்_குமரன்:
இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறீர்கள். அந்தப் பெண் எந்த நாடு, எந்தத் துறை என்று இன்னும் சொல்லவே இல்லையே? ஜெர்மனியில் பொறியியல் பிஎச்டி என்றால் பெரும்பாலும் வேலை ஒப்பந்தம், சம்பளம். ஒப்பந்தம் பல்கலைக்கழகத்தோடு, கைடோடு இல்லை. கைடு போகிறார் என்பதற்காக மட்டும் அது முறிந்துவிடாது. நான் வந்த புதிதில் ஒப்பந்தத்தைப் புரியாத மொழியில் நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வரிக்கு வரி மொழிபெயர்த்துப் பார்த்த பிறகுதான் போட்டேன்.
பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் முக்கியம். ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நல்கை (கிராண்ட்) என்றால் ஆய்வாளர் அதைத் தன்னோடு எடுத்துப் போக வழி இருக்கிறது. கம்பெனி பணம் என்றால் ஒப்பந்தம் கம்பெனிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில். கைடு கிளம்பினார் என்பதற்காக அதுவும் பின்னாலேயே கிளம்பாது.

லேப்_அக்கா:
அமெரிக்காவில் மருத்துவ ஆய்வுக்கு அரசு தரும் என்ஐஎச் கிராண்ட்டும் பல்கலைக்கழகத்தின் பேரில்தான். ஆனால் பழைய இடம் விட்டுக்கொடுத்துப் புதிய இடம் ஏற்றுக்கொண்டால் மாறும், பெரும்பாலும் மாறிவிடும். அதனால்தான் போ என்கிறேன்.

ஐந்தாம்_வருடம்:
போனால் என்ன, இருந்தால் என்ன, பேப்பர் யார் பேரில் வருகிறது என்று பாருங்கள். எங்கள் லேப் இடம் மாறியபோது நான் அளந்து எடுத்த தரவு பாதியில் நின்றது. மீதியை புதிதாகச் சேர்ந்தவர் முடித்தார், முதல் பெயர் அவருக்குப் போனது. இப்போது அந்தப் பேப்பரும் ரிவியூவில் மாதக்கணக்காகக் கிடக்கிறது.

பொருளியல்_தம்பி:
எங்கள் துறையில் பெயர்கள் பெரும்பாலும் அகர வரிசையில்தான் வரும், அந்தச் சண்டை குறைவு. ரிவியூவுக்குக் காத்திருப்பதில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது. அனுப்பி, திருத்தி, மறுபடி அனுப்பி வெளிவருவதற்குள் வருடங்கள் ஓடிவிடும்.

இயந்திரவியல்_குமரன்:
2015இல் பெரிய ஹாட்ரான் மோதுவி என்ற துகள் இயற்பியல் கருவியில் ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து வந்த கட்டுரையில் 5,154 பேர் ஆசிரியர்கள். அதில் முதல் பெயர் யாருடையது என்று யார் பார்க்கப்போகிறார்கள்? ஆளுக்கு ஆள் கணக்கு வேறு.

ஐந்தாம்_வருடம்:
அந்தக் கணக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரியும், அண்ணா. தேர்வுக் குழு முதல் பெயரைத்தான் எண்ணுகிறது. யாரும் இலவசமாகப் படிக்கும்படி திறந்த அணுக்கத்தில் வெளியிடக் கட்டணம் வேறு கேட்கிறார்கள். அதை மாணவர் யாரிடம் போய்க் கேட்பது?

முன்னாள்_மாணவி:
எல்லோரும் கொஞ்சம் நில்லுங்கள். ஐந்தாம் வருடம் சொன்ன வலி உண்மையானது, அதைத் தனியாகப் பேசலாம். இங்கே ஒரு பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை கெடு இருக்கிறது. தங்கை, இவற்றை மட்டும் சொல்: எந்த நாடு, எந்தத் துறை, உதவித்தொகை யார் தருகிறார்கள், கைடு அதே நாட்டுக்குள் மாறுகிறாரா வெளியேவா, முதல் வருட மதிப்பீடு முடிந்ததா.

குழப்பத்தில்_ஒருத்தி:
மன்னிக்கவும் அக்கா, பதற்றத்தில் விட்டுவிட்டேன். பிரிட்டன், பொருளறிவியல் பொறியியல் (மெட்டீரியல்ஸ்). உதவித்தொகை பாதி பல்கலைக்கழகம் வழியாக யூகேஆர்ஐ (அரசின் ஆய்வு நிதி அமைப்பு), பாதி ஒரு கம்பெனி. கைடு பிரிட்டனுக்குள்தான் மாறுகிறார். மதிப்பீடு இன்னும் நடக்கவில்லை. வரும்போது ஏடாஸ் சான்று (சில தொழில்நுட்பத் துறைகளில் படிக்க வெளிநாட்டவருக்குத் தேவையான அரசு அனுமதி) எடுத்துத்தான் வந்தேன்.

முன்னாள்_மாணவி:
சரி, இப்போது பேசலாம். நானும் பிரிட்டனில்தான் முடித்தேன்.
முதலில் விசா. உன் மாணவர் விசா இப்போதிருக்கும் பல்கலைக்கழகத்தோடு கட்டப்பட்டது. வேறு இடம் போக வேண்டுமானால் அந்தப் பல்கலைக்கழகம் புதிய சிஏஎஸ் (விசாவுக்கான சேர்க்கை உறுதி) தர வேண்டும், நீ ஏடாஸ் சான்றும் புதிதாக எடுக்க வேண்டும், பிறகு விசாவுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். ஏடாஸுக்கே வாரக்கணக்கில் ஆகும். நாட்டுக்குள்ளிருந்து போடும் மாணவர் விசாவுக்குப் பொதுவாக 8 வாரத்துக்குள் முடிவு வரும். இதெல்லாம் நடக்கும் முன்னே பழைய பதிவிலிருந்து விலகிவிடாதே. விலகினால் பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், இருக்கிற விசா குறுக்கப்படும். கைடு "வந்துவிடு, பார்த்துக்கொள்ளலாம்" என்று வாயால் சொல்வது இதில் எதற்கும் உதவாது. அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் சிஏஎஸ் தருவது அவர் இல்லை.
அடுத்தது பணம். யூகேஆர்ஐ மாணவர் நிதி பல்கலைக்கழகத்திடம் இருப்பது. 2021 முதல் வெளிநாட்டு மாணவர்களுக்கு அதில் 30 சதவீதம் வரைதான் இடம். அந்த இடம் உன் பல்கலைக்கழகத்தின் ஒதுக்கீடு, புதிய இடத்திலும் உனக்கு ஒன்று இருக்கும் என்று நினைத்துக்கொள்ள முடியாது. கம்பெனிப் பாதிக்கும் குமரன் அண்ணா சொன்னதே பொருந்தும்.
மூன்றாவது ஒரு வழி இருக்கிறது, பொருளியல் தம்பி தன் துறைக்குச் சொன்னதைப் போன்றதுதான். பதிவை இங்கேயே வைத்துக்கொண்டு, உள்ளே ஒருவரை முதன்மை நெறியாளராக்கி, பழைய கைடை வெளி நெறியாளராக வைத்துக்கொள்ளலாம். முதல் வருட மதிப்பீடு நடக்காத உனக்கு இதுதான் பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. லேப் அக்காவின் கவலை நியாயமானது, அதனால் நீ வேலை செய்யும் கருவி எங்கே இருக்கப்போகிறது என்று கேள். நல்கைப் பணத்தில் வாங்கியதாக இருந்தாலும் பொதுவாக அது பல்கலைக்கழகத்தின் சொத்து, அவர்கள் சம்மதம் இல்லாமல் நகராது. கருவி போகிறது என்றால், மாதத்தில் சில நாள் அங்கே போய் அளக்க அனுமதியும் பயணச் செலவும் எழுத்தில் வேண்டும் என்று கேள்.

குழப்பத்தில்_ஒருத்தி:
வெள்ளிக்கிழமை கெடு?

முன்னாள்_மாணவி:
அது அவர் திட்டமிடுவதற்காக வைத்த தேதி. நாளைக் காலையே துறையின் முதுநிலை ஆய்வு இயக்குநருக்கு மெயில் போடு, கைடுக்கு நகல். என் பதிவு, உதவித்தொகை, நெறியாளர் என்ன ஆகும் என்று எழுத்தில் தெரிந்த பிறகு முடிவு சொல்கிறேன் என்று மரியாதையாக எழுது. பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் விசா ஆலோசகரிடம் நேரம் வாங்கு. மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவு பல இடங்களில் பல்கலைக்கழகத்தைச் சாராமல் இயங்கும், துறையோடு பேச்சு முட்டினால் அங்கே போ.
இந்த வாரமே உன் அளவீடுகள், குறிப்பேடு, நிரல்கள் எல்லாவற்றையும் பல்கலைக்கழகச் சேமிப்பகத்தில் தேதியோடு ஒழுங்காக ஏற்றிவை. கம்பெனித் தரவு இருந்தால் அதைச் சொந்தக் கணினிக்கு எடுக்காதே, ஒப்பந்தம் இடம் தராது. நீ செய்த பகுதி பேப்பரானால் பெயர் எந்த வரிசையில் வரும் என்று கைடு கிளம்பும் முன் கேட்டு மெயிலில் வாங்கிக்கொள்.

ஐந்தாம்_வருடம்:
அந்தக் கடைசி வரியை மட்டும் தள்ளிப்போடாதே, தங்கை.

முன்னாள்_மாணவி:
மெயில் வரைவை எழுதிப் பெயர்களை எடுத்துவிட்டு இங்கே போடு, இன்று இரவே பார்த்துத் திருத்தித் தருகிறேன். உதவித்தொகை பற்றித் துறை என்ன சொல்கிறது என்று தெரிந்த பிறகு மற்றதைப் பேசலாம். வீட்டில் அதன்பிறகு சொன்னால் போதும்.